குனிந்து நுழையும் ஊர்

ஜூன் 16, 2025, செமாராங், ஜாவா, இந்தோனேசியா

பையில் ஒரு அளவு நாடா இருக்கிறது. ஐந்து மீட்டர் இரும்பு நாடா, பட்டனை விட்டால் சர்ரென்று உள்ளே ஓடுமே, அந்த வகை. இன்று மதியம் இங்கே ஒரு ஹார்டுவேர் கடையில் வாங்கினேன். ஊர் சுற்ற வந்தவன் வாங்குகிற சாமானா இது என்று கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார்.

விஷயம் இதுதான். மலேசியாவில் நான்கு வருஷம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தபோது பக்கத்து மெஷினில் ஜாவாக்காரர் ஒருவர் இருந்தார். இன்றைக்கும் நல்ல கூட்டாளி. அவருடைய பெரியம்மா, செமாராங்குக்குக் கிழக்கே டெமாக் மாவட்டத்தில் திம்புல்ஸ்லோகோ என்ற கடலோரக் கிராமத்தில் இருக்கிறார். அந்தப் பக்கம் போகப் போகிறேன் என்றதும் கூட்டாளி ஒரே ஒரு உதவிதான் கேட்டார். "வீட்டுத் தரையிலேர்ந்து உத்தரம் வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர்னு அளந்து சொல்லு. அவங்களைக் கேட்டா இன்னும் நிறைய இருக்குன்னுதான் சொல்வாங்க." கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருக்கிறது. அதை வைத்து அந்த வீட்டை இன்னொரு தரம் உயர்த்துவதா, உள்ளே தள்ளி எங்காவது ஒரு துண்டு நிலம் வாங்குவதா என்பது அவர் குழப்பம்.

ஜகார்த்தாவிலிருந்து வந்த ரயிலின் பெயர் அர்கோ முரியா. பாத்தாங் மாவட்டத்தில் பிளாபுவான் என்ற குட்டி நிலையத்தை ஒட்டித் தண்டவாளம் கடலுக்கே இறங்கிவிடுகிறது. பெட்டியில் பாதிப் பேர் போனை எடுத்துக்கொண்டு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கம் வந்துவிட்டார்கள். செமாராங் தவாங் நிலையத்துக்கு வெளியே பெரிய குளம். அழகுக்கு வெட்டியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஊருக்குள் ஏறும் தண்ணீரைச் சேர்த்துவைத்து, மோட்டார் போட்டு வெளியே இறைக்கத்தான் அந்தக் குளமாம்.

சாயங்காலம் துறைமுகத்துப் பக்கம் நடந்தேன். சில தெருக்களில் வீட்டு ஜன்னல் சாலையோடு சாலையாக இருக்கிறது. நாய் எட்டிப் பார்த்தால் வரவேற்பறை தெரியும். தண்ணீர் தேங்குகிறதென்று நகராட்சி சாலையை உயர்த்திக்கொண்டே போகிறது, வசதியுள்ளவர்கள் வீட்டையும் உயர்த்திக்கொள்கிறார்கள், மற்றவர்கள் வீடுகள் சாலைக்குக் கீழே போய்விட்டன.

கடல் மட்டம் உயர்வதால் இப்படி என்றுதான் நானும் நினைத்து வந்தேன். அது பாதிக்கதை கூட இல்லை. உலகச் சராசரியாகக் கடல் வருஷத்துக்கு நாலு மில்லிமீட்டர் அளவில் உயர்கிறது. செமாராங்–டெமாக் கரையின் சில இடங்களில் நிலம் வருஷத்துக்குப் பத்து சென்டிமீட்டர் வரை இறங்குகிறது. ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய இளம் களிமண் இது, தானாகவே அமுங்கும். அதன்மேல் தொழிற்சாலைகளும் வீடுகளும் ஏறி உட்கார்ந்து, ஆழ்குழாய் போட்டு அடித்தண்ணீரையும் உறிஞ்சினால் என்ன ஆகும்? ஓதம் ஏறும்போது தண்ணீர் வீட்டுக்குள் வரும். இங்கே அதற்கு 'ரோப்' என்று பெயர். சுவர் ஈரம் காத்தால் நாமும் ஓதம் என்கிறோம், கடல் பொங்கினாலும் ஓதம் என்கிறோம். செமாராங்கின் வடபகுதியில் இரண்டும் ஒரே சுவரில் இருக்கின்றன.

பெக்கோஜான் என்ற பழைய வணிகர் தெருவுக்கும் போய்வந்தேன். இந்தியாவிலிருந்து, குறிப்பாக குஜராத் பக்கமிருந்து வந்த வியாபாரிகள் குடியிருந்த இடம். அங்கே ஒரு பள்ளிவாசலில் ரமலான் மாதம் முழுக்க 'புபூர் இந்தியா', அதாவது இந்தியக் கஞ்சி, காய்ச்சி ஊற்றுகிறார்கள். நம் நோன்புக் கஞ்சிக்கு அண்ணனோ தம்பியோ. அடுத்த ரமலானுக்கு வா என்றார் அங்கிருந்த பெரியவர். ராத்திரி பண்டெங் பிரஸ்டோ சாப்பிட்டேன். பால் கெண்டையைப் பிரஷரில் வேகவைத்து, முள் எல்லாம் மெத்தென்று ஆகும்படி செய்கிற செமாராங் அயிட்டம். முள்ளுக்குப் பயந்து பால் கெண்டையை ஒதுக்குகிறவர்கள் ஒரு தடவை சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

ஜூன் 17, திம்புல்ஸ்லோகோ

நெற்றியில் புடைத்திருக்கிறது. பதிவை அதிலிருந்தே தொடங்குகிறேன்.

காலையில் ஓஜெக் பிடித்தேன். பைக் டாக்சிதான். காலிகாவே சாலையில் லாரிகள் வரிசை கட்டி நின்றன, சாலை ஓரத்தில் கறுப்புத் தண்ணீர். சாயுங் தாண்டி இடப்பக்கம் திரும்பியதும் சாலை ஒடுங்கி, இரு பக்கமும் தண்ணீர் வந்து, கடைசியில் சாலையே முடிந்துவிட்டது. அங்கே ஒரு கொட்டகையில் அறுபது எழுபது மோட்டார் சைக்கிள்கள். ஊர்க்காரர்களுடையது. வண்டி இங்கே நிற்கும், ஆள் நடந்து போக வேண்டும். தண்ணீருக்கு மேல் கம்பு நட்டுப் பலகை அடித்த பாலம்தான் இப்போது ஊரின் தெரு. அது வருவதற்கு முன்னால் பக்கத்து வீட்டுக்குப் போகவும் படகு அல்லது இடுப்பளவு தண்ணீர்.

பாலத்தின் இருபுறமும் வீடுகள். பாதியில் ஆள் இல்லை. கூரை போன வீடு, கதவை மட்டும் கழற்றிக்கொண்டு போன வீடு, உள்ளே அலை போய்வந்துகொண்டிருக்கிற வீடு. ஒரு வீட்டின் சமையல் மேடையில் கொக்கு நின்றது.

கூட்டாளியின் பெரியம்மா வாசலில் நின்று கையாட்டினார். ஜாவா மொழியில் அம்மாவின் அக்காவுக்கு 'புடே'. 'இபு கெடே', பெரிய அம்மா என்பதன் சுருக்கம். நம் பெரியம்மாவேதான். தங்கையென்றால் 'பூலிக்', சின்ன அம்மா. இதைக் கேட்டதும் உறவுமுறையில் பாதி பயம் போய்விட்டது, நானும் புடே என்றே கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை 'மாஸ்' என்கிறார், அண்ணன் என்று அர்த்தம், இளவயது ஆண்களை மரியாதையாகக் கூப்பிடவும் அதேதான்.

"தலை, தலை" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் நிலையில் இடித்துக்கொண்டேன்.

வாசல் நிலை என் மார்புக்குச் சற்று மேலே வருகிறது. பழைய வாசல் அப்படியே இருக்கிறது, தரைதான் மேலே வந்துவிட்டது. இரண்டு தரம் மண் கொட்டி உயர்த்தினார்களாம். மூன்றாம் தரம் மண்ணுக்குக் காசில்லாமல், வீட்டுக்குள்ளேயே கால் நட்டுப் பலகைத் தளம் போட்டுவிட்டார்கள். உள்ளே போனதும் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. லைட் சுவிட்சு என் முழங்கால் உயரத்தில் இருக்கிறது. கால் கட்டை விரலால் போடலாம், புடேயின் பேரன் அப்படித்தான் போடுகிறான். ஜன்னல் விளிம்பு உட்காரும் திண்டாகிவிட்டது. சுவரில் கல்யாணப் போட்டோ தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், மாப்பிள்ளையும் பெண்ணும் நம் கணுக்காலைப் பார்த்துக்கொண்டு. மேலே உத்தரம், ஓடு, ஒட்டடை எல்லாம் கைக்கு எட்டும். ஒட்டடைக் கம்பு தேவைப்படாத வீடு என்று ஒரு நல்லது.

அடுத்து ஒரு மொழிச் சங்கடம். தங்குவதற்கு ஏதாவது கொடுக்க வேண்டுமே என்று, "இங்கே தங்குவது பெர்ச்சுமாவா?" என்று கேட்டேன். மலேசியாவில் பெர்ச்சுமா என்றால் இலவசம். இந்தோனேசியாவில் அதே சொல்லுக்கு வீண் என்று அர்த்தம். புடே ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இங்க இருக்கறது வீணான்னு வந்ததும் வராததுமா கேக்கறியே. கணக்கெடுக்க வர்றவங்க எல்லாம் அதைத்தான் சுத்தி வளைச்சுக் கேக்கறாங்க."

தொண்ணூறுகள் வரை இந்த ஊரில் நெல் விளைந்திருக்கிறது. சோளம், மிளகாய், தென்னையும் உண்டு. உப்புத் தண்ணீர் ஏற ஏற வயலை வெட்டி இறால், பால் கெண்டைக் குட்டைகளாக்கினார்கள். குட்டைக்காகக் கரையிலிருந்த கண்டல் (மாங்குரோவ்) மரங்களும் போயின. கொஞ்ச காலம் நல்ல காசு. புடேயின் தங்கத் தோடு அந்தக் காசில் வாங்கியது. அப்புறம் குட்டையின் வரப்புகளைக் கடல் ஒவ்வொன்றாகத் தின்றது, வரப்பு போனால் குட்டை ஏது, எல்லாம் ஒரே கடல். "நெல்லு போட்ட ஊர்ல அரிசியைக் கடையில வாங்கி, பாலத்து மேல சுமந்துக்கிட்டு வர்றோம்" என்றார்.

மூன்று மணிக்கு மேல் தண்ணீர் ஏறியது. சத்தம்தான் முதலில் வருகிறது. பலகைக்கு அடியில் யாரோ பாத்திரம் கழுவுகிற மாதிரி. பலகை இடுக்கில் எட்டிப் பார்த்தேன், ஒரு செருப்பு மிதந்து போனது. புடே நிமிரக்கூட இல்லை, வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். டேப்பை எடுக்கலாமா என்று யோசித்தேன். விருந்துக்கு வந்த வீட்டில் முதல் நாளே உயரம் அளப்பது, நாகரிகமாகப் படவில்லை.

ஜூன் 18

நெட் இல்லாததால் நேற்றையதும் இன்றையதும் சேர்ந்து வருகிறது. நெட் கிடைக்கும் இடம் ஊரில் ஒன்றுதான், பள்ளிவாசல் படி.

விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் பக்கத்து வீட்டுப் படகுக்காரர் நண்டுக்கூடு எடுக்கப் போனார், நானும் ஏறிக்கொண்டேன். ஐம்பது வயதிருக்கும். ஊர் எல்லை தாண்டியதும் படகை நேராக விடாமல் வளைத்து வளைத்து ஓட்டினார். வெறும் தண்ணீரில் எதற்கு இந்த வளைவு என்று கேட்டேன். "ரோடு இருக்கு" என்றார். நிஜமாகவே. ஒரு இடத்தில் இன்ஜினின் வாலைத் தூக்கிக்கொண்டார், அடியில் பார்த்தால் தார்ச்சாலையின் முதுகு. அப்புறம் ஒரு கிணற்று வாய். அப்புறம் பழைய வரப்புகள். அந்த ஊரின் வரைபடம் முழுக்க அவர் தலைக்குள் இருக்கிறது. வெளியூர்ப் படகு வந்தால் இன்ஜின் காற்றாடி உடையும் என்கிறார்.

ஓர் இடத்தில் இன்ஜினை அணைத்தார். "இது எங்கப்பா வயல்." சுற்றிலும் தண்ணீர். எப்படித் தெரியும் என்று கேட்க வாய் வரவில்லை. அவரே தூரத்தில் ஒரு சாய்ந்த மின்கம்பத்தையும், இன்னொரு பக்கம் பள்ளிவாசல் கூம்பையும் காட்டி, இரண்டுக்கும் நடுவில் கோடு போட்டார். அந்த வயலில்தான் அவருடைய நண்டுக்கூடுகள். மற்றவர்கள் இங்கே கூடு போடலாமா என்றேன். போடலாம், கடல்தானே என்றார். ஆனால் யாரும் போடுவதில்லையாம்.

கூடு என்பது வலை போர்த்திய இரும்புக் கம்பிச் சட்டம், உள்ளே போகலாம், வெளியே வர முடியாது, நடுவில் நாறிய மீன் துண்டு. முப்பது கூட்டுக்குப் பதினொரு நண்டு. அதில் நாலு, உள்ளங்கை அளவுகூட இல்லை. சின்னதைத் திரும்ப விடுவீர்களா என்று கேட்டேன். விடவேண்டும்தான் என்று சொல்லிவிட்டு வாளியில் போட்டார். டீசல் காசு வந்தாயிற்றா என்று கேட்டதற்குப் பீடி பற்றவைத்தார்.

திரும்பும்போது மூங்கில் வேலிகள் காட்டினார். கடலுக்குள் இரண்டு வரிசை மூங்கில் நட்டு, நடுவே சுள்ளி அடைத்த வேலி. அலையின் வேகத்தைக் குறைத்து, தண்ணீரோடு வரும் சேற்றை உள்ளே படியவைத்து, படிந்த சேற்றில் கண்டல் தானே முளைக்கும் என்பது கணக்கு. கான்கிரீட் சுவர் அலையைத் திருப்பி அடித்து அடிமண்ணை அரிக்கும், சுள்ளி வேலி அலையைச் சலித்து விடும். 2015 முதல் டெமாக் கரையில் இந்தோனேசிய அரசும் டச்சுக்காரர்களும் ஈரநில அமைப்புகளும் சேர்ந்து செய்த வேலை. 2022-ல் ஐநா உலக அளவில் தேர்ந்தெடுத்த முதல் பத்து இயற்கை மீட்புத் திட்டங்களில் இதுவும் ஒன்று. வேலிக்குப் பின்னால் சில இடங்களில் சேறு படிந்ததும் உண்மை, வெண்கண்டல் முளைத்ததும் உண்மை. ஆனால் மரம் தின்னும் கடல்புழு மூங்கிலைத் துளைத்துவிடுகிறது, சேறு படிகிற வேகத்தைவிட நிலம் இறங்குகிற வேகம் பல இடங்களில் அதிகம். வீண்தானா என்றேன், இந்த முறை சரியான அர்த்தத்தில். படகுக்காரர் யோசித்தார். "பெர்ச்சுமான்னு சொல்ல மாட்டேன். அந்த வேலி இருந்த நாலு வருஷம் எங்க வீட்டுச் சுவர் நின்னுச்சு."

எனக்கும் அந்த வேலிகள்மேல் மரியாதை உண்டு. ஆனால் கீழே தண்ணீர் உறிஞ்சுவதை நிறுத்தாமல் மேலே எதை நட்டாலும், ஓட்டைப் பானையில் அடைப்பு வைக்காமல் நீர் ஊற்றுகிற கதைதான். இதில் யாரைக் குறை சொல்வது? திம்புல்ஸ்லோகோவிலேயே குடிக்கவும் சமைக்கவும் ஆழ்குழாய்த் தண்ணீர்தான். நேற்று புடே போட்டுத் தந்த டீயும் அதில்தான்.

இன்னொரு திசையில் பெடோனோ கிராமம். அதன் செனிக் என்ற குக்கிராமத்தைக் கிட்டத்தட்ட எல்லாரும் காலி செய்து இருபது வருஷம் ஆகப்போகிறது. இப்போது அங்கே கொக்குகள்தான் குடியிருப்பு, ஆயிரக்கணக்கில். மரமே வெள்ளையாகத் தெரிகிறது. இன்னும் கொஞ்சம் தள்ளி, கடலுக்கு நடுவில் ஷேக் அப்துல்லா முத்ஸாகிரின் அடக்கத்தலம். சுற்றியிருந்த ஊர் முழுகியும் அந்த அடக்கத்தலம் முழுகவில்லை என்று ஜனங்கள் நம்பிக்கையோடு வருகிறார்கள். படகிலிருந்தே பார்த்தேன், பச்சைக் கூரையும் நீளமான நடைபாலமும்.

ஜூன் 19

இன்று நடந்தது அதிகம், ஆனால் எழுத எழுத மனசு ஓடவில்லை. முடிந்தவரை.

காலை ஆறு மணிக்குப் பாலத்தில் ஒரு பெண், வயது இருபத்திரண்டு இருக்கும், ஷூவை பிளாஸ்டிக் பையில் போட்டுக் கையில் பிடித்துக்கொண்டு செருப்போடு நடந்து போனாள். படகுக்காரரின் மகள். செமாராங் போகிற வழியில் ஒரு தையல் தொழிற்சாலை. ஊரில் அந்த வயதுப் பெண்கள் பெரும்பாலும் அப்படித்தான், பையன்களுக்குக் கட்டட வேலை அல்லது கப்பல் அல்லது மலேசியா. டெமாக் மாவட்டக் குறைந்தபட்சச் சம்பளம் இந்த வருஷம் மாதம் 29 லட்சம் ரூபியாவுக்குச் சற்று மேல். நம் காசுக்குப் பதினைந்தாயிரம் போல. அப்பா நண்டில் சம்பாதிப்பதைவிட அதிகம், நிச்சயமானதும்கூட. எப்படிப்பட்ட மாப்பிள்ளை வேண்டும் என்று புடே விளையாட்டாகக் கேட்டார். "மோட்டார் சைக்கிள் வாசல் வரைக்கும் போகணும், அது போதும்" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

பத்து மணிக்குப் புடே இடுகாட்டுக்குப் போனார், கணவரைப் பார்க்க. பல வருஷம் இந்த ஊரில் அடக்கம் செய்வதே பெரும்பாடாக இருந்திருக்கிறது. தண்ணீர் வற்றும் நேரம் பார்த்துக் குழி தோண்டி, ஊறும் தண்ணீரை இறைத்துக்கொண்டே இறக்கி, மேலே கனம் வைத்து மூட வேண்டும். அப்புறம் ஊரே சேர்ந்து மண்ணும் சேறும் கொட்டி இடுகாட்டை உயர்த்தினார்கள். இப்போது ஊரில் காய்ந்த மண்ணைப் பார்க்க வேண்டுமென்றால் இடுகாட்டுக்குத்தான் வரவேண்டும். நாலு கோழிகள் அங்கே கிளறிக்கொண்டிருந்தன. புடே இலைகளைப் பொறுக்கி, கணவரின் கல்லைத் துடைத்தார். "இவரைப் போன தடவை மேல தூக்கி வச்சோம், அதனால எனக்கு இங்க இடம் இருக்கு" என்றார். இடம் மாறிப் போகாததற்கு அவர் என்னிடம் சொன்ன ஒரே காரணம் இதுதான். நான் கேட்டு வாங்கியதும் அல்ல.

மதியம் நிலப்பத்திரம் காட்டினார். பிளாஸ்டிக் உறை, அதற்குள் இன்னொரு உறை, அதற்குள் ஒரு பிஸ்கட் டப்பா. வீடு, வயல் இரண்டுக்கும் அரசாங்கச் சான்று இருக்கிறது, நிலம்தான் இல்லை. இதற்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு: 'தானா முஸ்னா', அழிந்துபோன நிலம். இயற்கையால் உருமாறி அடையாளம் காண முடியாமல், மீட்கவும் முடியாமல் போன நிலத்தின்மேல் உள்ள உரிமை போய்விடும் என்று 2021-ல் வந்த அரசாணை சொல்கிறது. இது ஏட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. செமாராங்–டெமாக் கட்டணச் சாலை வந்தது. மொத்தம் 27 கிலோமீட்டர். சாயுங்–டெமாக் பகுதி 2023-ல் திறந்தாயிற்று. செமாராங்–சாயுங் பகுதி கடலுக்குள்ளேயே வருகிறது, சாலையே கடல் தடுப்புச் சுவர். அந்தப் பாதையில் தண்ணீருக்கு அடியில் நிலம் வைத்திருந்தவர்கள் இழப்பீடு கேட்டார்கள். அழிந்த நிலத்துக்கு விலை கிடையாது, கருணைத் தொகைதான் என்றது அரசு. எந்த நிலம் அழிந்தது, எது அழியவில்லை என்பதில் வருஷக்கணக்கில் இழுபறி. மின்கம்பத்துக்கும் பள்ளிவாசல் கூம்புக்கும் நடுவில் 'எங்கப்பா வயல்' என்று நேற்று படகை நிறுத்தினாரே, சட்டத்தின் கண்ணில் அவர் சும்மா கடலில் நின்றார்.

புடேயின் நிலம் சாலைப் பாதையிலும் இல்லை. வரைபடத்தை போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். சுவர் நகரத்தையும் தொழிற்பேட்டையையும் உள்ளே வைத்துக்கொண்டு சாயுங்கில் தரை ஏறிவிடுகிறது. திம்புல்ஸ்லோகோ வெளியே நிற்கிறது, கடலோடு. சுவரில் மோதிய அலை நம் பக்கம் திரும்பாதா என்ற பேச்சு ஊரில் இருக்கிறது. இந்த மாதம்தான் ஜனாதிபதி பிரபோவோ, பாந்தெனிலிருந்து கிரேசிக் வரை 500 கிலோமீட்டருக்கு ராட்சதக் கடல் சுவர், 8,000 கோடி டாலர் என்று அறிவித்தார். முடிய இருபது வருஷம்கூட ஆகலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். செய்தியைப் படித்துக் காட்டினேன். "இருபது வருஷமா?" என்று புடே உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார்.

அதுதான் சமயம் என்று டேப்பை எடுத்தேன். எதற்கு என்று சொல்லிவிட்டேன், மறைத்து என்ன. புடேவுக்குக் கோபம் வரும் என்று பயந்தேன். அவரோ டேப்பின் முனையைத் தானே வாங்கிக் காலால் பலகையில் அழுத்திக்கொண்டார். நடு உத்தரம் வரை 163 சென்டிமீட்டர். வாசல் நிலை 131. நான் 170. அப்புறம் சும்மா இருக்காமல் புடேயையும் நிற்கவைத்து அளந்தேன், 148.

"பார்த்தியா, பதினஞ்சு சென்டிமீட்டர் மிச்சம்" என்றார்.

அது சென்ற வருஷம் எத்தனை இருந்தது என்று கேட்டேன். வீட்டின் மூலைத் தூண்கள் சேற்றில் இறங்கினாலும் கூரையும் சேர்ந்துதானே இறங்கும், உள்ளே இடைவெளி குறையாது, தண்ணீர்தான் பலகையைத் தொடும் என்று விளக்கினார். என் பள்ளிக்கூட பௌதிகம் அங்கே தோற்றது. சரிதான். குறைவது ஒவ்வொரு தடவை தரையை ஏற்றும்போதுதான். இன்னொரு நாற்பது ஏற்றினால் 123. அப்போது என்ன செய்வீர்கள் என்றேன்.

"எனக்கும் வயசாகுது மாஸ். நானும் குட்டையாகிட்டுதான் வர்றேன்."

ஜூன் 20, டெமாக்

காலையில் கிளம்பினேன். புடே ஒரு பொட்டலம் கருவாடும் மஞ்சள் நட்சத்திரப்பழமும் தந்தார், பழம் டெமாக் சந்தையில் வாங்கியதாம்.

டெமாக் பெரிய பள்ளிவாசல் 15-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, ஜாவாவின் முதல் முஸ்லிம் சுல்தானகம் இங்கேதான் இருந்தது. மூன்றடுக்குக் கூரை, குவிமாடம் கிடையாது, நாலு பெரிய மரத்தூண்கள். அதில் ஒன்று சுனான் காலிஜாகா என்ற ஞானி மரச்சீவல்களைச் சேர்த்துக் கட்டியது என்பது ஐதீகம். தூணைத் தொட்டுப் பார்க்க வரிசை. நான் பார்க்க வந்தது வேறு. அந்தக் காலத்தில் டெமாக் துறைமுகப் பட்டினம். வடக்கே முரியா மலை ஒரு தனித் தீவு, நடுவில் ஒரு நீரிணை, அதில் கப்பல் போய்வந்தது. ஆறுகள் வண்டலைக் கொட்டிக் கொட்டி நீரிணையை மூடிவிட்டன, முரியா ஜாவாவோடு ஒட்டிக்கொண்டது, துறைமுகம் உள்நாட்டு ஊராகிவிட்டது. நான் வந்த ரயிலுக்குப் பெயர் வைத்த மலை அதுதான். அப்படி வந்த மண்ணில்தான் புடே வீட்டு நெல் விளைந்திருக்கும். பள்ளிவாசல் வாசலில் உட்கார்ந்து கடல் எந்தப் பக்கம் என்று ஒரு பையனிடம் கேட்டேன். தூரம், பைக்கில்தான் போகணும் என்றான்.

மத்தியானம் கூட்டாளி போன் பண்ணினார். நூற்று அறுபத்து மூன்று என்றேன். அந்தப் பக்கம் மெஷின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "இந்த தடவை தரையை விட்டுட்டுக் கூரையைத் தூக்கலாமா? எவ்வளவு ஆகும்?" என்றார். எனக்கு எப்படித் தெரியும், படகுக்காரரைக் கேளுங்கள் என்றேன். நிலம் வாங்குவதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கிளறவில்லை.

"டேப்பைக் கொண்டு வா, எனக்கு இங்க வேலைக்கு ஆகும்" என்றார்.

பையைத் துழாவினேன். கருவாட்டு நாற்றம்தான் இருந்தது. காலையில் புடே அதை எடுத்து நிலப்பத்திர டப்பாவுக்குள் வைத்தது அப்புறம்தான் ஞாபகம் வந்தது.